எழிலரசன் கலர்

“அப்படின்னா இன்னா கலரும்மா?”

எழிலரசன் என்னிடம் இப்படிக் கேட்டதும் மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இது போன வருடம் ஆடி மாதம் நடந்தது. பிளஸ் டூ முடித்து ஒரு வருடமாக ஆரணியில் கோபிநாத் அண்ணனின் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் செய்கிற கடை. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆடியிலேயே கூட்டம் வந்துவிடும். அன்று மதியம் கூட்டம் இல்லை. ஐம்பது வயது இருக்கும் ஒருவர், நீல நிறக் கம்பெனி சட்டையோடு வந்து, ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வேண்டும் என்றார். மாதிரி அட்டைகளை அவர் முன்னால் கொட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னா கலரும்மா?”

அது பழைய ஸ்டாக். சிவப்பாக இருந்து, கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டுப் பட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அதுவா சார்? அது எழிலரசன் கலரு. கல்யாணத்துக்கு நல்லாருக்காது, வேற எடுங்க,” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கோபிநாத் அண்ணன் இருமினார்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல அட்டையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் ஸ்கேலை நகர்த்தி வைத்ததும் அவரே வேறு ஒரு அட்டையை எடுத்து, “இத்தயே போட்டுடு,” என்றார்.

ஆர்டர் படிவத்தை எடுத்தேன். மணமகள் பெயர் நிலா. மணமகன் பெயர் சதீஷ். ஊர் வந்தவாசிப் பக்கம்.

“பொண்ணோட அப்பா பேரு சார்?”

“அப்பா பேரு வாணாம். அம்மா பேரு மட்டும் போடு. கண்ணகி.”

“ஓ... அப்பா இல்லீங்களா? அமரர்னு போடணுமா?”

“கீறாரு. ஆனா போட வாணாம்.”

எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் எழுதிக்கொண்டேன். “ஆர்டர் உங்க பேர்ல போட்டுக்கறேன். உங்க பேரு?”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, “எழிலரசன்,” என்றார்.

அவர் போன பிறகு கோபிநாத் அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். “ஏ சங்கீதா, அறிவு கீதா உனுக்கு? அந்த கலருக்குப் பேரு வந்ததே அந்தாளாலதான்.”

“நெஜமாவே ஒரு ஆளு இருக்காராண்ணா?”

“பின்ன? பேரு இன்னா வானத்துலேருந்து வுழுந்துச்சா?”

அது ஒரு ஆளின் பெயர் என்று நான் நினைத்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்கிற வார்த்தை. டீயில் பால் குறைந்தால் எழிலரசன் கலர். துவைத்துத் துவைத்து வெளுத்த யூனிபார்ம் எழிலரசன் கலர். இந்தக் கட்சியிலும் இல்லாமல் அந்தக் கட்சியிலும் இல்லாமல் திரிகிற ஆளைப் பார்த்து, “அவன் ஒரு எழிலரசன் கலரு, வுடு,” என்பார்கள். எங்கள் கணக்கு சார் ஒருமுறை என் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, “பாசும் இல்ல, பெயிலும் இல்ல, எழிலரசன்,” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோபிநாத் அண்ணன் தெரிந்ததைச் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எழிலரசன் வேணுகோபால் முதலியாரின் சாயப் பட்டறையில் வேலை பார்த்தார். நல்ல வேலைக்காரர். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஒரு கல்யாணப் புடவைக்கான பட்டு நூலுக்கு அரக்குச் சாயம் போடச் சொன்னார்கள். குடித்துவிட்டு வந்து, அரக்கிலும் சேராத பச்சையிலும் சேராத, காய்ந்த சாணி மாதிரியான ஒரு கலரில் முக்கி எடுத்தார். அதோடு நிற்காமல் தெருவைப் பார்த்த மூங்கிலில் காயவும் போட்டுவிட்டு, பக்கத்தில் பெருமையாக நின்றார். தெருவே கூடிவிட்டது. வெளியூர் போயிருந்த முதலியார் திரும்பி வந்து பார்த்து, “இன்னாடா இது, எழிலரசன் கலரா?” என்றார். அன்று ஒட்டிய பெயர்தான். நூலைக் கறுப்பில் முக்கிச் சரிசெய்துவிட்டார்கள். பெயரைச் சரிசெய்ய முடியவில்லை. அவர் பட்டறையை விட்டுவிட்டு செய்யாறில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

“குடிகாரன் வேல அப்படித்தான இருக்கும்,” என்று முடித்தார் அண்ணன்.

இரண்டு நாள் கழித்து அச்சுக்கு முந்தைய மாதிரி தயாரானது. போனில் அனுப்பினாலே போதும். ஆனால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். சேவூர் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், இரண்டாவது ஷிப்டுக்காகச் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் டீக்கடை நிழலில் இருந்தார்கள். இவர் தனியாகப் புளியமரத்தடியில் நின்றார்.

“அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன் பெரியப்பா. மன்னிச்சிடுங்க.”

“ஊரே சொல்லுது. உன்னக் குத்தம் சொல்லி இன்னா பண்றது? பத்திரிக எங்க, காட்டு.”

இரண்டு தாள் கொடுத்தேன். ஒரே வாசகம். ஒன்றில் எழுத்து கருஞ்சிவப்பு, இன்னொன்றில் கரும்பச்சை. எது பிடிக்கிறதோ அதைச் சொல்லட்டும் என்று இரண்டு விதமாக எடுத்திருந்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று விரலை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“செரியாதான் கீது. ரெண்டு காப்பி எதுக்கும்மா?”

“எது வேணும்னு நீங்க சொல்லணும் பெரியப்பா.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் எதுவும் இல்லை. “ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை,” என்றேன். சட்டென்று டீக்கடைப் பக்கம் திரும்பி, யாராவது கேட்டார்களா என்று பார்த்தார். அப்படிப் பார்த்ததில்தான் எனக்குப் புரிந்தது.

பஸ் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அந்தக் கால்மணி நேரத்தில் அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய அம்மா கூலிக்கு மிளகாய் பறிக்கப் போவார். எட்டு வயதில் இவரும் கூடப் போனார். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். இவர் பையில் பாதி பச்சைக் காயாக இருக்கும். நிலத்துக்காரர் திட்டுவார், அம்மா முதுகில் இரண்டு வைப்பார். “எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும், அவங்கள்லாம் உத்துப் பாக்கறாங்க, நாம பாக்கறதில்லன்னு நெனச்சிகினு இருந்தேன்,” என்றார். “பத்துப் பதினஞ்சி வயசுலதான் எங்கண்ணுல ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சிது. யாருகினயும் சொல்லல. அதுக்கு இன்னா பேருன்னும் தெரியாது.”

பிறகு ஏன் சாயப் பட்டறைக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

“அந்த வேலதான் கெடச்சிது. எங்க ஊட்டு ஆளுங்களுக்கு அப்பல்லாம் கூலி வேலயத் தவுர வேற யாரு குடுத்தாங்க?”

அந்த வேலையைப் பதினோரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். பட்டறையில் சாயப் பொடிகளைப் பழைய பால் பவுடர் டப்பாக்களில் கொட்டி வைத்திருப்பார்கள். டப்பா மேல் எழுத்து கிடையாது. திறந்தால் எல்லோருக்கும் கலர் தெரியும், எதற்கு எழுத வேண்டும்? இவர் மட்டும் இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மேல் தட்டில் இடமிருந்து மூன்றாவது இது, கீழ்த் தட்டில் ஜன்னல் ஓரம் அது என்று. எந்தக் கலருக்கு எந்த டப்பாவில் எத்தனை கிராம், எத்தனை நிமிஷம் கொதிக்க வேண்டும் என்பதெல்லாம் நுனி விரலில் இருந்தது. கடைசியில் முதலியார் மாதிரி நூலோடு வந்து, ஒத்துப் பார்த்து, “போதும், எடு,” என்பார்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவினார்கள். தட்டிலிருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி, தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூஜைக்கு அடுக்கினார்கள். பூஜை முடிந்து இவர் வீட்டுக்குப் போன பிறகு பெண்கள் கைக்கு வந்தபடி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் முதலியார் ஊரில் இல்லை. இவரை நம்பித்தான் போயிருந்தார். முதல் பொடி சரியாக விழுந்தது. நூல் சிவந்தது. ஆழம் கூட்டுவதற்கு இரண்டாவது பொடி போட வேண்டும். ஜன்னல் ஓரம் கை போனது. அங்கே இருந்தது பச்சை.

“நா அரக்குன்னுதாம்மா நெனச்சேன். எங்கண்ணுக்கு எப்பவும் அரக்கு எப்படித் தெரியுமோ அப்படியேதான் தெரிஞ்சிது. அதான் எடுத்தாந்து வெளில போட்டேன். எல்லாம் சிரிக்கறாங்க. எதுக்கு சிரிக்கறாங்கன்னே தெரியல. நானும் சிரிச்சேன்.”

இதைச் சொல்லும்போது அவர் தாள்களை மடித்துக்கொண்டே இருந்தார்.

“கூட்டத்துல ஒருத்தன், ‘நேத்து பூஜையில செம சரக்கா மாமே?’ன்னான். ஆமான்னுட்டேன். அப்பதான் தப்பிச்சேன். குடிகாரன்னா மறுநா வேற எங்கியாச்சும் வேல குடுப்பான். கண்ணு தெரியாதவன்னா யாரு குடுப்பான்?”

அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை. மனைவி கண்ணகிக்கு மட்டும் உண்மை தெரியும். அன்று சாயங்காலமே ஆறு வயது நிலாவின் தலையில் கண்ணகியின் கையை வைத்து, வெளியில் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். குழந்தை தலையில் அடித்த சத்தியத்தை எந்த அம்மாவும் மீற மாட்டாள்.

“நிலா எட்டாவது படிக்கறப்போ ஸ்கூல்ல கூடப் படிக்கற புள்ளைங்க, ‘கலரு பொண்ணு, கலரு பொண்ணு’ன்னு பேஜார் பண்ணிச்சிங்க. ‘நீ ஸ்கூலுக்கு வராதப்பா, அம்மாவ அனுப்பு’ன்னா. அதுலேருந்து நா போனதில்ல. கட்டிக்கப் போற பையன் வூட்ல ரெண்டு பேரு பட்டுக் கடையில வேல பாக்கறாங்க. பத்திரிகையில எம்பேரப் பாத்தா மண்டபத்துலயே ஆரம்பிச்சிடுவாங்க. கல்யாணத்தன்னிக்கும் எம்பொண்ணு அந்த வார்த்தைய கேக்கணுமா?”

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, “சத்தியம் கித்தியம் எல்லாம் வாணாம். சொல்லாத, அது போதும்,” என்றார்.

அந்தச் சமயம் நான் வேலை முடிந்து சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். குணசுந்தரி மிஸ் ஒரு செல்போன் கடை மாடியில் நடத்துகிற வகுப்பு. அந்த வாரம் பாடம், பெரிய மனிதர்களின் பெயரிலிருந்து வந்த வர்ணனைச் சொற்கள். விக்டோரியா ராணி காலத்துக் கட்டடத்தை விக்டோரியன் என்கிறார்கள். நெப்போலியனோடு சேர்ந்தது நெப்போலியானிக். காந்தி வழியில் நடப்பவர் காந்தியன். பெயரின் வாலில் இரண்டெழுத்தோ மூன்றெழுத்தோ ஒட்டினால் ஆள் போய் வார்த்தை வந்துவிடுகிறது. மிஸ் ஒன்று சொன்னார், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். அந்த மனிதர் யார், அவர் வாழ்க்கையிலிருந்து எந்தத் துண்டை மட்டும் ஊர் வெட்டி எடுத்துக்கொண்டது என்று தெரிந்தால் மறக்காது.

எனக்கு உடனே எழிலரசன் ஞாபகம்தான் வந்தது. ஐம்பது வருட வாழ்க்கையில் ஆரணி எடுத்துக்கொண்டது ஒரே ஒரு காலை நேரத்தை.

வீட்டுப் பாடமாக, பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர்களில் இப்படி வார்த்தை இருக்கிறதா என்று தேடச் சொன்னார். போனில் நியூட்டனைப் போட்டேன், நியூட்டோனியன் வந்தது. டார்வினைப் போட்டேன், டார்வினியன் வந்தது. அடுத்து டால்டன். வேதியியலில் அணுக்கொள்கைக்காகப் படித்த அதே டால்டன். டால்டோனியன் என்று ஒரு வார்த்தை இருந்தது. பொருளைப் படித்ததும் போனை இறுகப் பிடித்துக்கொண்டேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் உள்ளவர்.

அந்த விஞ்ஞானிக்கே அந்தக் கண்தான். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பூவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். மற்றவர்களுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்த பூ அவருக்குப் பகலில் நீலமாகத் தெரிந்தது. தன் அண்ணனுக்கும் அப்படியே என்று தெரிந்துகொண்டு, அறிஞர்கள் சபையில் அதைக் கட்டுரையாகவே படித்தார். அதிலிருந்துதான் அவர் பெயர் அந்தக் குறைக்கு வந்தது.

பத்திரிகையைக் கடைசியாகச் சரிபார்க்க எழிலரசன் கடைக்கு வந்த அன்று, கோபிநாத் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

“பெரிய படிப்பு படிச்சவரா?”

“உலகத்துல இருக்கற எல்லாப் பிள்ளைங்களும் அவரப் பத்திப் படிக்குதுங்க பெரியப்பா.”

“அவருக்கும் மொளகா தெரியாதா?”

“தெரியாது.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் அவரிடம் பார்த்த ஒரே நல்ல சிரிப்பு அதுதான். “அவராவே சொன்னாரா, இல்ல வேற யாராச்சும் கண்டுபுடிச்சி சொல்லிட்டாங்களா?”

“அவராவேதான். சபையில எழுந்து நின்னு படிச்சாரு.”

“சிரிச்சாங்களா?”

“தெரியல.”

அவர் திரையைக் காட்டி, “பேரப் போடும்மா,” என்றார். “நானும் சொல்லிடறேன். கல்யாணத்துல எவனாச்சும் ஆரம்பிச்சான்னா, மைக்கப் புடிச்சி சொல்லிடறேன். குடிக்கலடா, எங்கண்ணு இப்படிடான்னு.”

நான் வேகமாக டைப் செய்தேன். ‘திரு. எழிலரசன் – திருமதி கண்ணகி அவர்களின் அன்பு மகள்’. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் ஆக்கினேன். அவர் எழுந்து வந்து திரையில் தன் பெயரைப் பார்த்தார்.

“அவரு அண்ணனுக்கும் இருந்துச்சின்னு சொன்னியே. ரத்தத்துல வருதா இது?”

நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. போனில் தேடி, வந்ததை அப்படியே படித்தேன். அப்பாவிடமிருந்து மகளுக்குப் போகும். மகளுக்குப் பார்வையில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அவளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்பு உண்டு.

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது.

“அப்ப நா சொன்னா, பையன் வூட்டுக்காரங்களுக்கும் தெரிஞ்சி பூடும்,” என்றார்.

“இப்பல்லாம் யாரு பெரியப்பா அதெல்லாம் பாக்கறாங்க? கண்ணுல அதத் தவிர ஒண்ணும் கொறை இல்ல...”

“பொண்ணு எடுக்கறப்போ பாப்பாங்கம்மா. இன்னிக்கி இல்லன்னாலும், நாளைக்கி ஒரு புள்ள பொறந்து, அதுக்கு வந்துச்சின்னா, உங்கப்பன்கிட்டேருந்து வந்ததுன்னு இதத்தான் சொல்லுவாங்க.” அவர் குரல் உயரவில்லை. “எடுத்துடு.”

“பெரியப்பா...”

“எடுத்துடும்மா. ஷிப்டுக்கு நேரமாவுது, ஜல்தி.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, ‘திரு. எழிலரசன்’ என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். கை வரவில்லை.

பத்திரிகை போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நிலா கடைக்கு வந்தாள். அவளும் செய்யாறில்தான் வேலை பார்க்கிறாள். சதீஷ் அதே கம்பெனி. இருவரும் விரும்பி, வீட்டில் சொல்லி, நடக்கிற கல்யாணம். பத்திரிகையை மேசையில் போட்டாள்.

“யாரு டைப் பண்ணது?”

“நான்தான்க்கா.”

“எங்கப்பா செத்துட்டாரா?”

கோபிநாத் அண்ணன், “உங்கப்பா சொன்னபடிதாம்மா போட்டோம்,” என்றார்.

“தெரியும். கேட்டேன். ‘வாணாம்னா வுடு’ங்கறாரு. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. அம்மாவும் ஊமையாட்டம் ஒக்காந்துகினு இருக்கு.” அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள். “நானே பாத்துக்கினது புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். பேர எடுத்துட்டா இன்னா அர்த்தம்? நீ எம்பொண்ணே இல்லன்னுதான? மாமனார் வூட்ல கேக்கறாங்க, உங்கப்பாவுக்கு சம்மதம் இல்லியான்னு. நா இன்னா சொல்றது?”

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்குத் தெரியும். என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாத, அது போதும் என்று அவர் சொன்னதும் கூடவே இருந்தது. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“குடிச்சிட்டு ஊர்ல பேரக் கெடுத்துக்கினாரு. அதக்கூட மன்னிச்சிட்டேன். இத மன்னிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். எழிலரசன் புது வேட்டியோடு பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தார். தாரை வார்க்கக் கூப்பிட்டபோது மட்டும் மேடைக்குப் போனார். நிலா குனிந்த தலை நிமிரவில்லை. காலில் விழுந்து எழுந்தபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அந்தக் கலரைப் பற்றிச் சிரிக்கவில்லை. அவர் யார் என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அவர் நினைத்தது நடந்துவிட்டது.

அதன் பிறகு நிலா அம்மாவோடு மட்டும் போனில் பேசினாள். தீபாவளிக்கு வரவில்லை. தை மாதம் ஒரு வியாழக்கிழமை, ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வந்த எழிலரசன், சேவூரில் எல்லோரும் இறங்கிய பிறகும் இறங்கவில்லை. டிரைவர் வந்து தொட்டுப் பார்த்தார். மாரடைப்பு என்றார்கள்.

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் எங்கள் கடையில்தான் அடித்தார்கள். இந்த முறை பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம். அதை நான்தான் செய்தேன். சேவூர் முனையில் கட்டியபோது பக்கத்தில் நின்ற ஒருவர் படித்துவிட்டு, “யாருப்பா, அந்தக் கலரு எழிலரசனா? நா எப்பவோ பூட்டாருன்னு நெனச்சேன்,” என்றார். கூட இருந்தவர் சிரித்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் ஒரு வருடம் முன்னால் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

காரியம் முடிந்த மறுநாள் நிலாவைப் பார்க்கப் போனேன். அவள் அப்போது நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். கண்ணகி அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றார்கள். நான் மிளகாயிலிருந்து தொடங்கி, திரையில் பெயரை அழித்தது வரை சொன்னேன். நிலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நிலாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

“அன்னிக்கி நா கடையில வந்து கத்தனேனே, அப்ப உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“அஞ்சி மாசம் இருந்துச்சேடி. அஞ்சி மாசம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியாந்து கட்டிப் புடிச்சிருப்பேனே. இப்ப வந்து சொல்ற, யாருகிட்ட போயி நா பேசறது?”

அவருக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது சமாதானமாக இல்லை.

ஒரு மாதம் கழித்து நிலாவே போன் செய்தாள். சதீஷிடமும் மாமனார் வீட்டிலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மாமியார் மறுநாள், “எம்புள்ளைக்குச் சின்ன வயசுல காதே சரியாக் கேக்காது, அத நா யார்கிட்ட சொன்னேன்?” என்றாராம். சதீஷ், “இதுக்குப் போயா மனுஷன் இப்படிக் கெடந்தாரு?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டானாம்.

“நீ எழுது,” என்றாள் நிலா. “எம்பேரு, எங்கப்பா பேரு எல்லாம் போட்டு எழுது. எம்புள்ளைக்கு வந்தா வரட்டும். வந்துச்சின்னா அதுக்கு மொத நாளே சொல்லிடுவேன்.”

அதனால் எழுதினேன். எனக்கு இதை அழகாக எழுதத் தெரியவில்லை, புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

ஆரணியில் இன்றும் அந்த வார்த்தையைத் தினம் கேட்கிறேன். டீக்கடையில், தறிக் கூடத்தில், பஸ்ஸில். அதை யாராலும் தடை செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது எழிலரசன் கலர் என்று சொல்லிச் சிரித்தால், சண்டை போடாதீர்கள். அவரை உட்காரவைத்து, அது ஒரு ஆளின் பெயர் என்று சொல்லுங்கள். அவர் குடித்ததில்லை என்றும், சிவப்பும் பச்சையும் தெரியாமலேயே பதினோரு வருடம் ஆரணிக்குச் சாயம் போட்டார் என்றும், மகளுக்காகத் தன் பெயரைத் தானே எடுக்கச் சொன்னார் என்றும் சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.